மூன்றாவது தொட்டி

“இன்னிக்கு மட்டும் முப்பதுக்கு மேல செத்துப்போச்சு, மாமா” என்றாள் மருமகள். பெரியவர் முதுகு சாயாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே நின்ற தையல்காரரை உட்காரச் சொல்லவில்லை.

செத்தவை மண்புழுக்கள். பின் வராந்தாவில் மூன்று தொட்டிகளில் மருமகள் புழு வளர்த்து உரம் எடுத்து வந்தாள். கடப்பாரை இறங்காத கொல்லைத் தரை, எட்டே மாதத்தில் கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும் கறுப்பு மண்ணாகியிருந்தது.

பக்கத்துப் போர்ஷன் தையல்காரருக்கும் அதே வராந்தாதான். போன வாரம் தொட்டியை விட்டு வெளியேறிய புழு ஒன்று, அவர் தைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைமீது ஊர்ந்தது. இதற்கு ஒரு வழி பண்ணுகிறேன் என்று அவர் கத்தியது இந்த வீடு முழுக்கக் கேட்டது.

பெரியவர் முப்பது வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் குரலை உயர்த்த முடியவில்லை. உள்ளறையில் மனைவி படுத்திருந்தாள். போன மாதம் இதயம் பலவீனமாகி, உடம்பெல்லாம் நீர் கோத்துப் பிழைத்தவள். இப்போதுதான் கால் வீக்கம் வற்றி, பழைய செருப்பு மறுபடியும் காலில் நுழைந்தது.

என்ன மருந்து ஊற்றினீர்கள், எத்தனை நாளாக ஊற்றுகிறீர்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஊற்றவே இல்லை என்றார் தையல்காரர். அப்படியானால் புழுக்கள் தாமாகவே தூக்குப் போட்டுக்கொண்டனவா என்று கேட்டார் பெரியவர்.

“கோவத்துல வாய விட்டேன், ஐயா. அதுக்காக வாயில்லாத ஜீவனைக் கொல்ற ஆள் இல்ல நான்.”

சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று வராந்தாவுக்கு நடந்தார். மாமனாரும் மருமகளும் பின்னாலேயே போனார்கள்.

முதல் இரண்டு தொட்டிகளிலும் புழுக்கள் கொழுகொழுவென்று நெளிந்தன. மூன்றாவதில்தான் சாவு. அதன் உட்சுவரில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. தையல்காரர் அதை நகத்தால் சுரண்டி நுனிநாக்கில் வைத்தார். மருமகள் முகத்தைச் சுளித்தாள்.

“உப்பு” என்றார் அவர்.

இருக்கவே முடியாது என்றாள் மருமகள். உப்புப் பட்டால் புழுவின் தோல் வெந்துவிடும் என்பதால், முன்பெல்லாம் அவள் காய்த்தோலைத் தவிர வேறெதுவும் போட்டதில்லை. ஆனால் அத்தைக்கு உப்பு அறவே கூடாது, மீறினால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொன்ன அன்றே, ஒரு வீட்டில் இரண்டு சமையல் கிடையாது என்று பெரியவர் உத்தரவு போட்டுவிட்டார். உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அந்தத் தைரியத்தில்தான் தட்டில் மிஞ்சுவதை மூன்றாவது தொட்டியில் கொட்ட ஆரம்பித்ததாகச் சொன்னாள்.

“கெடுக்க நெனச்சவன் மூணுலயும் போட்டிருப்பான். எந்தத் தொட்டியில எதைக் கொட்டுறீங்கன்னு எனக்கு என்ன தெரியும்?” என்றார் தையல்காரர். “இது தட்டோட வந்த உப்பு, ஐயா.”



யாருடைய தட்டு என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. அந்த வீட்டில் தட்டில் மிச்சம் வைக்கும் பழக்கம் கிடையாது. நோயாளிக்கு மட்டும்தான் விலக்கு. அவளுக்கு மூன்று வேளையும் பெரியவரே தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். மிச்சத்தோடு எடுத்து வருவது மருமகள்.

மருமகள் உள்ளறைக்கு ஓடினாள். பெரியவர் பின்னால் போனார். தையல்காரர் கூடத்திலேயே நின்றுகொண்டார்.

“அத்தை, உப்பு யாரு கொண்டுவந்து குடுக்குறாங்க? டாக்டர் சொன்னதை மறந்துட்டீங்களா?”

அத்தை கணவரை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். யாரென்று சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மருமகள் இரண்டு தரம் கெஞ்சியும் அந்தத் தலை நிமிரவில்லை.

தனக்கு இங்கே வேலையில்லை என்பதுபோல் தையல்காரர் வாசல் பக்கம் திரும்பினார். அந்தக் குடும்பத்துப் பெண் எவளும் அந்நியர் எதிரில் குற்றவாளியாகத் தலைகுனிந்தது கிடையாது.

“கொஞ்சம் நில்லுங்க” என்றார் பெரியவர்.

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்தார்.

“அவ கேக்கல. வாய்க்குப் பிடிக்காம அவ படுற பாட்டைப் பாக்க முடியல. ஒரு சிட்டிகைதானேன்னு நான்தான் வேளாவேளைக்குக் காய்மேல தூவினேன். நீங்க என்னை மன்னிக்கணும், தையல்காரரே.”

தையல்காரர் தரையைப் பார்த்தார். மருமகள் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு மாதமாகவா என்று கேட்டாள். அவர் தலையசைத்தார். அவள் பதறிப்போய் மருத்துவரின் எண்ணைத் தேடினாள். இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினாள்.

பெரியவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வளையாத அந்த முதுகு வளைந்தது.

“நானே உன்ன...” என்று ஆரம்பித்தார்.

மனைவி எட்டி மருமகளின் கையிலிருந்த தொலைபேசியை வாங்கிக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். பிறகு கணவருக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்.

“தூவினீங்க, சரி. அந்தக் காயை நான் எங்க சாப்பிட்டேன்?”