கண்ணாடிக் குண்டுக்கடியில் பதினொரு நாள்

ஆலிலைமேல் கண்வளர்ந்து அண்டமெல்லாம் காக்கும் பெருமான் திருவடி போற்றி.

ஓர் அலுவலக மேசையில் அப்ரூவ்டு, ரிஜெக்டட், பெண்டிங் என மூன்று முத்திரைகள் இருந்தன. "ஆம் என்றும் சொல்லமாட்டாய், இல்லை என்றும் சொல்லமாட்டாய். உனக்கெல்லாம் எதற்கு மை?" என்று மற்ற இரண்டும் பெண்டிங்கை நாள்தோறும் சீண்டும். அது சிரித்துக்கொள்ளும்.

ஒருநாள் பூவாயி என்பவள் தன் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு எழுதிய மனு வந்தது. சான்றிதழ் ஒன்று குறைந்ததால் அதிகாரியின் கை ரிஜெக்டட் பக்கம் நீண்டது.

"அது விழுந்தால் என்னை மூட்டையாகக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவார்கள், ஐயா" என்று மனு பெண்டிங்கிடம் கெஞ்சியது.

பெண்டிங் மெல்ல உருண்டு அந்த விரல்களுக்குள் புகுந்தது. கைக்கு வந்ததைப் பார்த்த அதிகாரி சற்று யோசித்து, அதையே குத்தினார். பெண்டிங் பட்ட தாளை மேசையிலேயே கண்ணாடிக் குண்டுக்கடியில் வைப்பது அங்கே வழக்கம்.

பதினோராம் நாள் பூவாயி சான்றிதழோடு வந்து நின்றாள். தாளில் இறங்கவந்த அப்ரூவ்டு, அங்கிருந்த பெண்டிங்கின் நீல எழுத்தைக் கண்டு தயங்கியது.

"அண்ணா, உங்கள் பக்கத்தில் எனக்கு இடமுண்டா?"

"உனக்காகத்தானே தம்பி, இத்தனை நாள் இடம் பிடித்து வைத்திருந்தேன்" என்றது பெண்டிங்.

இதைச் செவிமடுத்தோர் காத்திருக்கும் நற்காரியம் யாவும் அவனருளால் கைகூடுக.