மண்டப வாசலில் ஒரு வணக்கம்

நாச்சிமுத்துவின் மகள் கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்று வந்தவர்களையெல்லாம் கைகூப்பி வரவேற்ற மருமகள் மேகலா, கடைசியாக வந்த அவருடைய அண்ணனுக்கு மட்டும் கையைத் தூக்கவில்லை. அண்ணன் சாப்பிடாமலே திரும்பிவிட்டார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. "கை வரலீங்க மாமா" என்று அவள் சொன்னதைத் திமிர் என்றே எடுத்துக்கொண்ட நாச்சிமுத்து, டாக்டர் அவள் கைக்கு எழுதிக்கொடுத்த பரிசோதனையைத் தன் கண்ணால் பார்க்க ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

அவள் தோளில் ஒயரை ஒட்டி, கழுத்தோரத்தில் அடுத்தடுத்துச் சின்னச் சின்னதாக மின்சாரம் கொடுத்தார்கள். தசை துடிக்க, திரையில் முதல் அலை நன்றாக உயர்ந்தது. அடுத்தது குட்டையாக வந்தது, அதற்கடுத்தது இன்னும் குட்டையாக.

"இன்னொருக்கா வெச்சுப் பாருங்க" என்றார் நாச்சிமுத்து. மறுபடியும் அப்படியேதான் வந்தது.

"மெஷினுக்கும் திமிருங்களா மாமா?" என்றாள் மேகலா.

"நரம்பு சொல்றது தசைக்குச் சரியாப் போய்ச் சேரலீங்க" என்றார் டாக்டர். "உடம்போட எதிர்ப்பு சக்தியே நடுவுல மறிக்குது. காத்தால நல்லாத் தூக்குவாங்க, போகப்போக ஓய்ஞ்சிரும்."

நாச்சிமுத்து யாரையும் பார்க்காமல் வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டார்.

"அண்ணா, நாளைக்கு ஊட்டுக்கு வாங்க. வேற யாரும் வாரதுக்குள்ள, காத்தால மொத ஆளா வந்துருங்க."