சந்தையில் கை பிடிக்கத் தடை

"எவன்டா அவன், பேரு போடாமப் புகார் எழுதுன யோக்கியன்? மூணு வாரமாச் சந்தையைக் கெடுத்துப்போட்டு எங்கடா போயி ஒளிஞ்சிட்டிருக்கான்?"

சந்தைக் கமிட்டி ஆபீஸ் வாசலில் சென்னிமலை போட்ட சத்தத்தில், பக்கத்தில் நின்ற எருமை மிரண்டு சாணி போட்டது.

பன்னிரண்டு வயதில் அடுத்தவன் மாட்டை ஓட்டி வந்தவர், இன்றைக்குப் பெரிய தரகர். அவர் விரல் படாமல் பாலக்காட்டு எல்லையில் ஒரு கன்றுக்குட்டி கைமாறாது.

விரலில்தான் வினையே வந்தது.

சந்தைக்குள் இரண்டு ஆம்பளைகள் கை கோத்துக்கொண்டு நடக்கிறார்கள், கலாச்சாரம் கெடுகிறது என்று கமிட்டிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி. யார் அந்த இரண்டு பேர் என்பது ஊருக்கே தெரியும். ஒருவன் சென்னிமலையின் மகன் சிவப்பிரகாஷ், பால் சொசைட்டியில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன். இன்னொருவன் ஜினோ, சின்னக்கானல் எஸ்டேட்டிலிருந்து வந்த நர்ஸ். இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் குடித்தனம்.

கோர்ட்டே குற்றமில்லை என்று சொல்லிவிட்டது என்றான் மகன். கோர்ட்டா வந்து எனக்குச் சந்தையில் மரியாதை வாங்கித் தரும் என்று கேட்டார் அப்பா. அதோடு பேச்சு நின்றது; அப்பாவின் மாடுகளுக்கு ஊசி போட மட்டும் மகன் வந்து போவான்.

கமிட்டிச் செயலாளர் பூபதிராஜா உஷாரானவர். ஆள் பார்த்துத் தடை போட்டால் கேஸ் வரும் என்று பொதுவாகவே போட்டுவிட்டார்: 'சந்தைக்குள் ஆணும் ஆணும் கை பிடிக்கக் கூடாது.' விசிலோடு ஒரு காவல்காரரையும் நிறுத்தினார். நோட்டீசுக்குப் பக்கத்தில் ஒட்டிய கடுதாசி மட்டும் அன்று சாயங்காலமே காணோம். ஏதோ மாடு தின்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

நோட்டீசைப் பார்த்து முதல் ஆளாகக் கை தட்டியவர் சென்னிமலை.

அடுத்த சனிக்கிழமை ஆனைகட்டி வியாபாரி ஒருவரின் காளைக்கு விலை பேச, வழக்கம்போலத் துண்டைப் போட்டு, அதற்கடியில் அவர் விரலைப் பிடித்தார். விசில் பறந்தது.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கமே கிடையாது. துண்டுக்கடியில் விரல் பேசும். அங்கே பேசியது அந்த இரண்டு பேரோடு போய்விடும். கத்தி விலை சொல்ல நான் என்ன தக்காளியா விற்கிறேன் என்று ஆனைகட்டிக்காரர் காளையை ஓட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்.

ஆணும் பெண்ணும் பிடித்தால் தப்பில்லையாம். எருமை விற்க வந்த ராசம்மாளை நடுவில் நிறுத்தி, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று அவள் விரல் வழியாக விலையைக் கடத்திப் பார்த்தார்கள். ஒருவன் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தான். தும்புக் கயிற்றால் அவனுக்கு நாலு போட்டுவிட்டுப் போன ராசம்மாள் அப்புறம் சந்தைப் பக்கமே வரவில்லை.

இனியும் பொறுத்தால் பிழைப்பு போச்சு என்று, பதினெட்டுத் தரகர்களைத் திரட்டிக்கொண்டு இன்றைக்குப் போராட்டம்.

பேனர்கூட இருந்தது. 'கை பிடிப்பது எங்கள் உரிமை.' சிவப்பிரகாஷும் ஜினோவும் பாலக்காட்டு வானவில் ஊர்வலத்துக்கு எழுதி வைத்திருந்தது; தடை எங்களுக்கும்தானே என்று அவர்களே கொண்டு வந்தார்கள். ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஓரத்தில் இருந்த ஏழு வண்ணக் கரையைப் பார்த்து, கொம்புக்குப் பூச நல்ல யோசனை என்றார் ஒரு தரகர். ஒரு முனையைச் சென்னிமலை பிடித்திருந்தார். மறுமுனையில் ஜினோ.

பூபதிராஜா வெளியே வந்தார். "ஏனுங்க, புகார் இருக்கற வரைக்கும் நான் என்ன பண்ணட்டும்? எழுதுனவரே வந்து வாபஸ்னு ஒரு வரி குடுத்தா இப்பவே நோட்டீசைக் கிழிச்சுப் போடறனுங்க."

"கேட்டீங்களாடா? எழுதுனவன் ஒரு அப்பனுக்குப் பொறந்தவனா இருந்தா இப்ப வரட்டும்."

"விடுங்க மாமா," என்றான் ஜினோ. "அவருக்கு என்ன பயமோ, எழுதிட்டாரு."

"நீ யார்ரா என்னை மாமாங்கறதுக்கு?"

சிவப்பிரகாஷ் முன்னால் வந்தான். அப்பாவின் தோளிலிருந்த துண்டை உருவி அவர் கைமேல் போட்டு, அதற்கடியில் கையை விட்டான்.

மகன் கையைத் தொட்டு இரண்டு வருஷம். விரலை எதிர்பார்த்த சென்னிமலைக்கு, மடித்த காகிதம் ஒன்று தட்டுப்பட்டது. துண்டின் ஓரத்தைத் தூக்கிக் குனிந்து பார்த்தார்.

எந்த மாடும் தின்றிருக்கவில்லை. அதே மொட்டைக் கடுதாசி. கையெழுத்து தெரியக் கூடாதென்று இடது கையால் எழுதிய கோணல் எழுத்து.

மகன் விரல் காகிதத்தைப் புரட்டியது. பின்பக்கத்தில், அவர் மயிலைப் பசுவுக்குச் சினை ஊசி போட்ட தேதி, மகனுடைய உருண்டை எழுத்தில். அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் தொங்கும் நோட்டிலிருந்து கிழித்த தாள். அவசரத்தில் கிழித்தவர் திருப்பிப் பார்க்கவில்லை.

காவல்காரர் விசில் அடித்தார். இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.

"என்ன விலை சொல்றாருங்க தம்பி?" என்று பின்னாலிருந்து ஒரு தரகர் கேட்டார்.

சிவப்பிரகாஷ் அப்பாவின் காதோரம் குனிந்தான்.

"இது துண்டுக்கடியிலேயே இருக்கட்டுங்கப்பா. எழுதுனவரை மட்டும், இன்னைக்காவது வந்து சரி பண்ணிட்டுப் போகச் சொல்லுங்க."