றோலரில் விழுந்த கோடு

"இதில பிளேடு வெச்சது யாரு?"

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த நிஸாம் தலையில் இருந்த தொப்பியைக் கூடக் கழற்றாமல் கேட்டார்.

கொட்டாஞ்சேனையில் அந்த லேமினேட்டிங் பட்டறைக்கு அவர்தான் சூப்பவைசர். வந்ததும் ஒரு புத்தக அட்டையை மெஷினுக்குள் விட்டுப் பார்த்தார். பளபளவென்று வெளியே வந்த அட்டையின் நடுவில் ஒரு கோடு. இன்னொன்றை விட்டார். அதிலும் அதே இடத்தில் கோடு. குனிந்து பார்த்தால், சூடான இரும்பு உருளையோடு அமுங்கிச் சுழலும் ரப்பர் றோலரில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு.

ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம் அது. உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். மெஷினில் நிஷாந்தி, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வேலைக்கு வந்தவள். பெக்கிங் மேசையில் அர்பா, நிஸாமின் மகள். அவள் முதுகைக் காட்டியபடி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க சார்," என்றாள் நிஷாந்தி.

"ஏன்?"

"பசை காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. துணியில வரல. சுரண்டிட்டேன்."

"ஸ்பிரிட்டில நனைச்ச துணியால மட்டுந்தான் துடைக்கணும் எண்டு செல்லீக்கேனா இல்லையா? இது என்ன, ஓங்கட ஊட்டுத் தோசைக்கல்லா சுரண்டுறதுக்கு?"

நிஸாம் கெட்டுப்போன அட்டைகளைத் தூக்கி மேசையில் போட்டார்.

"இனி இதைக் கழட்டி, புது ரப்பர் போட அனுப்பணும். அதுவரைக்கும் மெஷின் சும்மா நிக்கும். நீ ஓண்ட சாமானை எடுத்திட்டுப் போ. இனி வர வேணாம்."

"சார், தோட்டத்துல அம்மாவும் தம்பியும் என்னைய நம்பித்தாங்க இருக்காங்க."

"அத பிளேட எடுக்க முந்தி யோசிச்சீக்கணும்."

அவள் பெக்கிங் மேசைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அங்கே யாரும் திரும்பவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் நின்றாள்.

"சார், இனிமே துடைக்கிறப்ப மட்டும் மெஷினை நிப்பாட்டச் சொல்லுங்க."

"எனக்குப் படிச்சுக் குடுக்க வாறியா? நிப்பாட்டினா அது திரும்பச் சூடாக எவ்வளவு நேரம் போகும் எண்டு தெரியுமா?"

மெஷின் ஓட ஓடவே துடைத்து வைக்கும்படி சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனதே அவர்தான்.

நிஷாந்தி படியிறங்கினாள். காலையில் சுடிதாருக்கு மேல் போட்டு வந்த பச்சை ஷோல் இப்போது அவள் மேல் இல்லை.

"ஒரு ஷோல் கூட இல்லாம ரோட்டில போறா பாரு," என்றார் நிஸாம், மகளுக்குக் கேட்கும்படி.

பிறகு றோலர் வெட்டுப்பட்டதாக முதலாளிக்கு ஒரு மெஸேஜ் போட்டார். மெயின் சுவிட்சை அணைத்தார். கைக்கு உறை மாட்டிக்கொண்டு றோலரைக் கழற்றக் குனிந்தார்.

அதன் ஓரத்தில் ஏதோ இறுகச் சுற்றியிருந்தது. அட்டையில் ஒட்டும் பிளாஸ்டிக் பிலிம் என்று நினைத்து இழுத்தார். வந்தது துணி. ஊதா நிறம், சூட்டில் பொசுங்கிய துணி. ஒரு முனை மட்டும் பிளேடு போட்டதுபோல் நேராக வெட்டுப்பட்டிருந்தது.

பெருநாளுக்கு அவரே மகளுக்கு வாங்கிக் கொடுத்த ஸ்காஃப் அது.

மெல்ல நிமிர்ந்து பார்த்தார். மகளின் தலையில் இருந்தது ஒரு பச்சை ஷோல்.

"அர்பா."

அவள் திரும்பினாள். கழுத்தைச் சுற்றி ஒரு சிவந்த கோடு.

"நிஷாந்தி அக்கா தனியத் துடைக்கிறா எண்டு ஒத்தாசைக்குப் போனேன் வாப்பா. ஸ்காஃப் நுனி உள்ளுக்குப் போயிட்டு. கழுத்த இறுக்கி, மொகத்த றோலர் கிட்ட இழுத்திட்டு. சுவிட்ச் மத்தப் பக்கம். அவதான் பிலிம் வெட்டுற பிளேட எடுத்து..."

"ஏன் செல்லல்ல?"

"தெரிஞ்சா நீங்க என்னைய வேலைக்கு உட மாட்டீங்க. நான்தான் செல்ல வேணாம் எண்டு அழுதேன்."

நிஸாம் வாசலுக்கு வந்தார். எதிரே பஸ் தரிப்பிடத்தில், பையை நெஞ்சோடு அணைத்தபடி நிஷாந்தி நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

போன் அடித்தது. முதலாளி மஷூர் ஹாஜியார்.

"மெஸேஜ் கண்டேன் நிஸாம். றோலர வெட்டினது யாரு?"

நிஸாம் கையிலிருந்த துணியைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார்.

"நிஷாந்தி, ஹாஜியார். மெஷின் ஓடக்குள்ள பிளேடால சுரண்டீக்கா. அவள அனுப்பிட்டேன்."

"மெஷின் ஓடக்குள்ளயா துடைச்சிருக்கா? ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

அந்தத் துணியைச் சுருட்டிச் சேர்ட் பைக்குள் திணித்துக்கொண்டே நிஸாம் சொன்னார்:

"அதுதான் ஹாஜியார். நிப்பாட்டிட்டுத் துடை எண்டு நான் எத்தின தரம் செல்லீக்கேன்."