கோப்பை வென்ற நாற்காலி

மேட்ச் ஓடும்போது இடத்தை விட்டு எழுந்தால் விக்கெட் விழும் என்று எல்லா வீட்டிலும் சொல்வதுதான். இந்த சீசனில் கிரிக்கெட் கிளப்பின் கம்ப்யூட்டர், யார் எழுந்தால் விழும் என்பதையும் கண்டுபிடித்துவிட்டது. பம்மலில் இருக்கும் தணிகாசலத்தின் அப்பாதான் அது. அவர் வீட்டு டிவி முன்னால் தன் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்த எந்த ஆட்டத்திலும் கிளப்பின் அணி தோற்றதில்லை.

ஆகவே ஒவ்வொரு மேட்சுக்கும் கிளப்பிலிருந்து ரூபன் வந்து அவர் பக்கத்தில் நின்றான். மூட்டு வீங்கிய பிறகும் எழுந்திருக்க விடவில்லை. ஒன்றுக்குப் போக ஒரு டப்பா கொடுத்தான். வீட்டுக்கு ஏசி வந்தது. தெருமுனையில் அப்பாவுக்கு பேனர் கட்டினார்கள்.

பைனலில், இனி ஜெயிக்க முடியாது என்று எல்லோரும் முடிவு கட்டிய நேரத்தில், அப்பாவின் தலை மார்பில் சரிந்தது. மருமகள் கோமதி மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க, மாமாவுக்கு மூச்சே இல்லங்க."

"கால எறக்கிடாத. இன்னும் ரெண்டு ஓவர்தான்" என்றான் தணிகாசலம்.

அடுத்த பந்து சிக்ஸர். அதற்கடுத்ததும் சிக்ஸர். கோப்பை கிடைத்தது. தெருவெல்லாம் வெடி வெடித்தது.

ரூபனுக்கு போன் வந்தது. கேட்டுவிட்டுத் தணிந்த குரலில் சொன்னான்:

"சார், பெரியவர் உயிர் போன அப்புறம்தான் மேட்சே திரும்புச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லுதாம். அடுத்த பைனலுக்கும் இதே மாதிரி வேணுமாம்."

பல வருஷமாகக் கோமதி கெஞ்சியும் சம்மதிக்காத தணிகாசலம், அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"உங்கம்மா ஊர்ல தனியாத்தான இருக்காங்க. இனிமே நம்மளோடயே வந்து இருக்கட்டும்."