அண்ணன் குரலில் பதில்

சிரிப்பு கடைசியில்தான், கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு சர்வரின் முதுகில், கேபிள் செருகும் நெட்வொர்க் போர்ட்டுகள் இரண்டு, அண்ணன் தம்பியாக இருந்தன. இருவரையும் ஒரே பெயரில் டீமாகச் சேர்த்திருந்தார்கள். பெரியவன் வேலை பார்ப்பான். அவன் இணைப்பு விழுந்தால் சின்னவன் அதே பெயரில் தாங்குவான்.

சின்னவன் வேலை பழகிவிட்டால் தன்னைக் கழற்றிவிடுவார்களோ என்று பெரியவனுக்குப் பயம். அதனால் ஓயாமல் பழங்கதை பேசினான். "அப்பெல்லாம் நான் ஒருத்தன்தான்டா. ஆபீஸ் திறந்ததும் அத்தனை பேரும் என்னைத்தான் கூப்பிடுவாங்க."

"சொல்லுங்கண்ணே," என்றான் சின்னவன்.

இருவரின் கேபிள்களும் போய்ச் சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் எதிரேயிருந்து கூப்பிட்டது. "பெரியண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி," என்று பெரியவனின் கரகரத்த குரலிலேயே பதில் போனது.

"கேட்டியா, இன்னும் அதே மிடுக்கு," என்று பூரித்த பெரியவன், தற்செயலாகக் கீழே பார்த்தான். காலையில் கூட்டிய துடைப்பம் இழுத்துப்போட்ட அவனுடைய கேபிள் தரையில் கிடந்தது. பக்கத்தில் சின்னவனின் பச்சை விளக்கு விடாமல் சிமிட்டியது.

"டேய், அப்போ காலையிலேருந்து என் குரல்ல பேசுறது நீயாடா?"