தேர்வாளர் சாப்பிடுகிறார்

சூடான பிரியாணிப் பொட்டலத்தைத் துப்பட்டாவில் தாங்கிக்கொண்டு கல்லூரியின் மூன்றாவது மாடிக்குத் தாவி ஏறுகிறாள் ரோஷினி. இன்று எம்.ஏ. ஆங்கில இலக்கிய வைவா, வாய்மொழித் தேர்வு. ஆலைப் பெண்களைப் பற்றிய நாவல்களை ஆறு மாதம் ஆராய்ந்து எழுதியிருக்கிறாள்; ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், கொட்டித் தீர்த்துவிடுவாள். வெளியூர்த் தேர்வாளர் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு முகம் சுளிக்கிறார். "கத்திரிக்காய் எங்கம்மா?" "சின்ன கவர்ல இருக்கு சார். என் ஆய்வேட்ட பத்தி..." துறைத்தலைவி மோகனா குறுக்கே பாய்கிறார். "அதெல்லாம் அப்புறம் ஒப்பிக்கலாம்டி, சாருக்குப் பச்சடிய எடுத்து வை!" தேர்வாளர் எலும்பை உதட்டில் வைத்துச் சர்ரென்று உறிஞ்சுகிறார். எண்ணெய் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு இறங்குகிறது. மேசையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத அவளுடைய ஆய்வேடு. அதன்மேல் அவர் துப்பிய பட்டையும் கிராம்பும். ஏப்பம் விட்டபடி அவர் ஒரு தாளைத் தள்ளுகிறார். "வைவா முடிஞ்சிட்ச்சு, கையெழுத்துப் போடும்மா." மதிப்பெண்கள் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கின்றன. அவளுக்குத் தொண்ணூறு, 'நன்றாகப் பதிலளித்தார்'. அடுத்த வரியில், மூன்று மாதத்துக்கு முன்பே படிப்பை விட்டுவிட்டு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட ஜெயசீலனுக்குத் தொண்ணூற்றிரண்டு, 'மிக நன்றாகப் பதிலளித்தார்'.